காற்று கூடுகிறது, கரைக்குத் திரும்புங்கள்

அக்டோபர் 6, திங்கள்

தண்ணீர் மோட்டார் மறுபடியும் நின்றுவிட்டது. மெக்கானிக் நாளைக்கு வருகிறேன் என்கிறார். போன வாரமும் அதையேதான் சொன்னார். தெருக்குழாயில் குடம் பிடித்துத் தூக்கிவிட்டு அலுவலகம் போய்ச் சேர நேரமாகிவிட்டது.

நயினார் சார் எனக்காகக் காத்திருந்தார். எங்கள் மையம் சிறியது. தூத்துக்குடி முதல் தெற்கே மணப்பாடு வரை கடலுக்குப் போகிறவர்களின் செல்போனுக்குக் காற்று எச்சரிக்கையைக் குரலாகச் சொல்வதுதான் வேலை. நயினார் சார் தலைவர். மெஹராஜ் லாத்தா வானிலை பார்த்து எச்சரிக்கை எழுதுகிறவர்; காயல்பட்டினத்துக்காரர், அக்காவை அவர்கள் ஊரில் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்பதால் எங்களுக்கும் அவர் லாத்தா. சர்வர்களைப் பார்த்துக்கொள்வது நான்.

செய்தி என்னவென்றால், நமக்காக அழைப்புகளைப் போட்டுத்தரும் கம்பெனி பழைய வழியை இந்த மாதக் கடைசியோடு மூடுகிறது. இனி இணையக் கோரிக்கைதான். நம் சர்வர் அவர்களுடைய இணைய முகவரிக்குப் போய், இந்தக் குரலை இந்தக் குழுவுக்குப் போடு என்று கேட்க வேண்டும். அதைத் தானியங்கிக் கருவி வழியாகவே செய்துவிடலாம் என்றேன். வேலைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதிவைத்தால் போதும்; அந்தக் கருவி நம்முடைய மூன்று சர்வர்களுக்குள்ளும் தானே போய் எல்லாவற்றையும் அமைத்து, கடைசியில் கோரிக்கையையும் அனுப்பிவிடும். ஒரு சர்வர் படுத்தாலும் மற்றது நிற்கும்.

வாடைக் காலம் தொடங்குவதற்குள் முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன்.

அக்டோபர் 8, புதன்

முதல் கோரிக்கை போன வேகத்தில் திரும்பி வந்தது. யார் நீ என்று கேட்டது. அடையாளச் சாவியைக் கடிதத்தின் உறைமேல் எழுதாமல் கடிதத்துக்குள் எழுதியதுபோல் வைத்திருந்தேன். அதைச் சரிசெய்ததும் அடுத்த பதில் வந்தது: நீ சொல்வது புரியவில்லை. வடிவத்தை மாற்றினேன். மதியத்துக்குப் பிறகு ஒருவழியாக, சரி என்றது.

சாயங்காலம் குரல் பதிவு. பழைய பதிவு ஒரு வானொலிக்காரருடையது. எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்று பலகாலமாகக் குறை. உன் குரல் கரகரவென்று இருக்கிறது, காற்றிலும் கேட்கும், நீயே பேசு என்றார் லாத்தா.

“காற்று கூடுகிறது. கரைக்குத் திரும்புங்கள்.” இவ்வளவுதான். ஆனால் முதல் சில தடவை ‘கரைக்கு’ என்பதோடு நின்றுவிட்டேன். தண்ணீர் குடித்தேன். இந்த அறையில் ஒரே தூசி என்றார் லாத்தா. ஆமாம், தூசி என்றேன். பிறகு நன்றாக வந்தது.

அக்டோபர் 10, வெள்ளி

மெக்கானிக் வரவில்லை.

அக்டோபர் 15, புதன்

ஒத்திகை ஓட்டினேன். கருவியில் அப்படி ஒரு வசதி உண்டு. எதையும் உண்மையில் மாற்றாமல், ஓட்டினால் என்ன ஆகும் என்று மட்டும் காட்டும். மேலிருந்து கீழே எல்லாம் பச்சை. நயினார் சார் முறுக்கு வாங்கி வரச்சொன்னார். நாளைக்கு அலுவலக போன்களுக்கு மட்டும் உண்மையான சோதனை.

வீட்டில் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணி ஆடுகிறது. அதில் தொங்கும் அன்டனுடைய மழைக்கோட்டு கனம். சிமென்ட் வைத்துப் பூச வேண்டும்.

அக்டோபர் 16, வியாழன்

எழுதவே கை வரவில்லை, ஆனால் எழுதிவிடுகிறேன்.

குழுவின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருந்திருக்கிறது. காலியாக இருந்தால் கம்பெனி மறுத்துவிடும் என்று நினைத்திருந்தேன். அவர்கள் காலி என்றால் எல்லோருக்கும் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதுமட்டுமில்லை. கோரிக்கை அனுப்பும் வேலையையும் மற்ற வேலைகளைப் போலவே எழுதியிருந்தேன். ஆகவே மூன்று சர்வர்களும் தனித்தனியே ஒரே கோரிக்கையை அனுப்பின. நேற்றைய ஒத்திகை இதை ஏன் காட்டவில்லை என்று தேடினேன். ஒத்திகையில் கருவி கோரிக்கையை அனுப்புவதே இல்லை, தாண்டிப் போய்விடுகிறது. அந்தப் பச்சைக்கு அர்த்தமே கிடையாது.

கடற்கரை முழுவதற்கும் என் குரல் போயிருக்கிறது, ஒருமுறை அல்ல, மூன்று முறை. மூன்று தடவை வந்ததால் பெரிய காற்று என்றே எல்லோரும் நினைத்திருக்கிறார்கள். போட்ட வலையை இழுக்க நேரமில்லாமல் அறுத்துவிட்டு வந்தவர்கள் உண்டு. கரையில் பெண்கள் கூடி நின்று அழுதிருக்கிறார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

நயினார் சார் திட்டவில்லை. போன் அடித்துக்கொண்டே இருந்தது. எல்லாவற்றையும் அவரே எடுத்து, தவறு எங்களுடையது என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார்.

அக்டோபர் 17, வெள்ளி

நாட்டுப்படகு சங்கத்திலிருந்து வந்தார்கள். சங்கச் செயலாளர் லியோன் முன்னால் நின்றார். பின்னால் நாலைந்து பேர்; அதில் சிலுவை என்பவருக்குத்தான் கோபம் அதிகம். அவர் அறுத்துவிட்டு வந்தது புதுவலை. இனிமேல் உங்கள் நம்பரிலிருந்து எது வந்தாலும் என் போனில் ஏறாது, அடைத்துவிட்டேன் என்று சொல்லி, வெளியே போய் நின்றுகொண்டார்.

செயலாளர் சத்தம் போடவில்லை. இந்தக் கருவியை ஓட்டியது யார் என்று நயினார் சாரிடம் கேட்டார். நான்தான் என்றேன். என் பக்கம் திரும்பினார், ஆனால் என் மேசையைத்தான் பார்த்தார்.

“மேடம், நீங்க காத்து வருதுன்னு சொன்னா நாங்க வலையை அறுத்துட்டு வருவோம். நேத்து வந்தோம்லா. நாளைக்கு நெசமாவே காத்து வந்து நீங்க கூப்பிட்டா, எவன் வருவான்? அதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க.”

மன்னிப்புக் கேட்டு எல்லோருக்கும் ஓர் அழைப்புப் போடலாமா என்று நயினார் சார் கேட்டார். இன்னொரு தடவை அந்த நம்பர் அடித்தால் மிச்சம் இருப்பவர்களும் அடைத்துவிடுவார்கள், சொல்ல வேண்டியதை நேரில் வந்து சொல்லுங்கள் என்றார் செயலாளர். கும்பிட்டுவிட்டுப் போனார்.

அக்டோபர் 18, சனி

செயலாளர் லியோன் என் அண்ணன். நேற்று அதை எழுதவில்லை.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள். ஏழெட்டு வருடமாகப் பேச்சு இல்லை. சண்டை என்று எதுவும் இல்லை. அவன் வருவது நின்றது, நானும் போவது நின்றது. நேற்று மேடம் என்றான்.

எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. துணி நிறைய சேர்ந்திருந்தது, எல்லாவற்றையும் துவைத்தேன்.

அக்டோபர் 21, செவ்வாய்

நேற்று தீபாவளி. நயினார் சார் வீட்டு அதிரசத்தோடு லாத்தாவும் நானும் அவரும் இன்று கடற்கரைக் கிராமங்களுக்குப் போனோம். வலை பின்னும் கொட்டகைகளில் உட்கார்ந்து நடந்ததை அப்படியே சொன்னேன். காலியான இடம், மூன்று சர்வர், எல்லாம். புரியாது என்று நினைத்தது என் தவறு. ஒருவர், “ஒரு ஓலையை மூணு ஆளுட்ட குடுத்துவிட்டிய, மூணு பேரும் தனித்தனியா வந்து சொல்லிட்டானுவ, அப்படித்தான?” என்றார். அப்படியேதான்.

சில இடங்களில் நன்றாகத் திட்டு வாங்கினோம். ஒரு கிராமத்தில் மீன் விற்கும் பெண்கள் எங்களை உட்காரவே விடவில்லை. அதில் ஒருத்தி மட்டும் என் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, போனில் பேசினது அன்டன் பெண்டாட்டி என்று அன்றைக்கே சொன்னேனே என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். அதற்குப் பிறகு அவர்கள் திட்டவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்கள். திட்டியிருந்தால் பரவாயில்லை.

போகிற இடமெல்லாம் ஒரே கோரிக்கைதான் வந்தது: சோதனை என்றால் முன்னாலேயே சொல்லிவிடுங்கள்.

அக்டோபர் 27, திங்கள்

கோப்பை மாற்றி எழுதினேன். மூன்று சர்வர்களும் தயாராக நிற்கும், ஆனால் கோரிக்கையை ஒன்றுதான் அனுப்பும், அதுவும் ஒரே ஒருமுறை. குழுவின் பெயர் காலியாக இருந்தால் கருவி வெளியே எட்டிப் பார்ப்பதற்கு முன்பே நின்றுவிடும். லாத்தா ஒப்புதல் தராமல் எதுவும் போகாது. வேண்டுமென்றே பெயரைக் காலியாக விட்டு ஓட்டிப் பார்த்தேன். நின்றது. சிவப்பைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

மோட்டாருக்கு வேறு மெக்கானிக் பார்த்துவிட்டேன். உள்ளே காயில் எரிந்துவிட்டதாம்.

நவம்பர் 2, ஞாயிறு

கல்லறைத் திருநாள். அப்பா, அம்மா கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றினேன். அன்டனுக்குக் கல்லறை கிடையாது. கடலில் போய் உடல் கிடைக்காதவர்களுக்கெல்லாம் நடுவில் இருக்கும் பெரிய சிலுவைதான். அங்கே ஒன்று ஏற்றினேன். ஏற்கெனவே அங்கே ஒரு திரி எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் வேப்பமரத்தடியில் நின்றான். என்னைப் பார்த்ததும் பின்வாசல் வழியாகப் போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து ரசம் வைத்தேன்.

நவம்பர் 11, செவ்வாய்

இன்று முன்கூட்டியே சொல்லிவைத்து ஒரு சோதனை. சங்கத்திலிருந்து விருப்பப்பட்டவர்கள் பெயர் கொடுத்திருந்தார்கள். பதிவின் தொடக்கத்திலேயே இது சோதனை என்று சொல்லியிருக்கிறேன்.

கோரிக்கை போனது. பதில்: சரி. கருவி பச்சை காட்டியது. நயினார் சார் கைதட்டினார். அப்புறம் பார்த்தால் ஒரு கிராமத்தில் ஒருவருக்குமே அழைப்பு வரவில்லை.

கம்பெனிக்குப் போன் செய்தேன். அங்கிருந்த பெண் பொறுமையாகச் சொன்னார்.

“உங்க ரிக்வெஸ்ட்டை ஏத்துக்கிட்டோம்னுதான் சொன்னோம், மேடம். கால் போட்டு முடிச்சிட்டோம்னு சொல்லலையே.”

அவர் சொன்னது உண்மை. அவர்கள் வாங்கி வரிசையில் வைத்துக்கொண்டதற்குத்தான் அந்தச் சரி. போய்ச் சேர்ந்ததா என்று அறிய வேறொரு முகவரி இருக்கிறது. அங்கே போய்த் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். நான் கேட்கவில்லை. சரி என்றதும் திரும்பி வந்துவிட்டேன். காற்றடிக்கும் நாளில் இது நடந்திருந்தால்?

நவம்பர் 13, வியாழன்

கருவி இப்போது கேட்கிறது. முடிந்ததா, முடிந்ததா என்று விட்டுவிட்டுக் கேட்டு, முடிந்தது என்ற பதில் வந்தால்தான் ஓய்கிறது. போய்ச் சேராதவர்களின் படகுப் பெயர்களைத் தனியே எடுத்தும் தருகிறது.

ஆனால் அந்தப் பெயர்களை வைத்து என்ன செய்வது? செல்போன் கோபுரத்துக்கு எட்டாத தூரத்தில் இருப்பவரை எந்தக் கோரிக்கையும் எட்டாது. வயர்லெஸ்தான் வழி. வயர்லெஸ் செட் சங்கக் கட்டடத்தில் இருக்கிறது. சங்கத்தில் யாரிடம் பேசுவது என்று நயினார் சார் கேட்டார். செயலாளரிடம்தான் என்றேன். நீயே பேசிவிடுகிறாயா என்றார். அவருக்கு விஷயம் தெரியாது. லாத்தாவுக்குத் தெரியும், அவர் கணினித் திரையைவிட்டுக் கண்ணெடுக்கவில்லை.

நவம்பர் 14, வெள்ளி

போனேன். சங்கக் கட்டடத்தில் மாடியறை. வயர்லெஸ் செட், அதன்மேல் ஒரு துணி, துடைத்துத் துடைத்து மேசையே பளபளக்கிறது. அவன் கடலுக்குப் போவதை விட்டுவிட்டான், அவன் வள்ளத்தை வேறு ஆட்கள் ஓட்டுகிறார்கள் என்று கீழே இருந்தவர் சொன்னார். எப்போதிலிருந்து என்று நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: அன்டனோடு கடலுக்குப் போய்த் தனியாகத் திரும்பிய நாளிலிருந்து. பகல் முழுக்க இந்த அறையில்தான் இருப்பானாம்.

வேலையைப் பற்றி மட்டும் பேசினோம். சேராத படகுகளின் பெயர் உங்கள் போனுக்கு வரும், நீங்கள் வயர்லெஸ்ஸில் கூப்பிட வேண்டும் என்றேன். செய்கிறேன் மேடம் என்றான். சேர்ந்துவிட்டால் உங்களுக்கு எப்படித் தெரியப்படுத்துவது என்று கேட்டான். நல்ல கேள்வி. கூப்பிட்டுச் சொல்லுங்கள், நான் இங்கே திருத்திக்கொள்கிறேன் என்றேன்.

அவனுக்குத் தலை நரைத்துவிட்டது.

அலுவலகம் திரும்பியதும் லாத்தா கேட்டார், “வேற ஒண்ணும் கேக்கலியா நீ?” வேறு என்ன கேட்க இருக்கிறது என்றேன். லாத்தா தன் டிபன் பாக்ஸைத் திறந்து பாதியை என் தட்டில் வைத்தார்.

நவம்பர் 25, செவ்வாய்

லாத்தா விடியும்போதே கூப்பிட்டுவிட்டார். கிளம்புகிறேன்.

நவம்பர் 26, புதன்

நேற்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காற்றழுத்தத் தாழ்வு கடலுக்குள் வலுத்து, நினைத்ததைவிட முன்னாலேயே நம் பக்கம் திரும்பிவிட்டது. வானிலைத் துறையின் அறிக்கை வரும்போது பாதிப் படகுகள் கடலில் இருந்தன. லாத்தா எழுதினார், இரண்டுமுறை படித்தார், ஒப்புதல் தந்தார். நான் கருவியை ஓட்டினேன். கோரிக்கை ஒன்றே ஒன்றுதான் போனது. ஏற்றுக்கொண்டோம் என்று பதில். கருவி கேட்கத் தொடங்கியது. முடிந்ததா? நடந்துகொண்டிருக்கிறது. முடிந்ததா? நடந்துகொண்டிருக்கிறது.

அப்போது கருவி சிவப்பாகி நின்றுவிட்டது. எத்தனை தடவை கேட்க வேண்டும் என்று நான் குறைவாக எழுதிவைத்திருந்தேன். சோதனையில் கொஞ்சம் பேர்தான். நேற்று கடற்கரை முழுவதும். அது கேட்டு அலுத்துவிட்டது.

நயினார் சார் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். மறுபடி ஓட்டு ஹில்டா என்றார். அவர் குரலே மாறியிருந்தது. மறுபடி ஓட்டினால் எல்லோருக்கும் இரண்டாவது அழைப்பு போகும். போன மாதம் மூன்று தடவை வந்து பொய்யானதை ஒருவரும் மறந்திருக்க மாட்டார்கள். பழையபடி ஏமாற்றுகிறார்கள் என்று, திரும்புகிற படகும் நின்றுவிடலாம். போய்க்கொண்டிருக்கும் அழைப்புகளின் வரிசையும் நீண்டுவிடும்.

வேண்டாம் சார், கோரிக்கை போய்விட்டது, கேட்பது மட்டும்தான் நின்றிருக்கிறது என்றேன். கேட்கும் பகுதியை மட்டும் தனியே ஓட்டினேன். அவசரத்தில் முதல் தடவை தப்பாக அடித்தேன். பிறகு சரியாக ஓடியது. நடந்துகொண்டிருக்கிறது. நடந்துகொண்டிருக்கிறது. முடிந்தது.

பெரும்பாலும் சேர்ந்திருந்தது. சேராத படகுகளின் பெயர்கள் அண்ணனுக்குப் போயின. அவன் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டான், கிடைத்ததும் எனக்குச் சொன்னான், நான் நீக்கினேன். உச்சிவேளைக்குள் மழை இறங்கிவிட்டது. கடைசியில் ஒரே ஒரு வள்ளம் மிச்சம். சிலுவையினுடையது.

அண்ணன் போன் செய்தான். இன்னொரு தடவை கோரிக்கை அனுப்பிப் பாருங்கள் மேடம் என்றான். திரையில் அழைப்பு மறுக்கப்பட்டது என்று இருந்தது.

“அவரு நம்ம நம்பரை அடைச்சு வச்சிருக்காரு அண்ணா. இங்கேருந்து எத்தனை தடவை அனுப்பினாலும் போகாது. ஒன் வயர்லெஸ்ஸை விட்டா வேற வழி இல்ல.”

அங்கே நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, சின்ன வயதில் கூப்பிட்டதுபோல், “ஏளா, நீ போனை வைக்காத. லைன்லயே இரு” என்றான்.

நான் வைக்கவில்லை. அவன் போனை மேசைமேல் வைத்துவிட்டு வயர்லெஸ்ஸில் கூப்பிட ஆரம்பித்தான். சிலுவை, சிலுவை, கரைக்கு வா, காத்து கூடுது, கரைக்கு வா. பதில் இல்லை. திரும்பக் கூப்பிட்டான். ஒரே மாதிரி, குரல் உயராமல், அலுக்காமல். அவன் குரல் கம்மிப்போவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கும் தண்ணீரில் மிதந்தபடி அவன் இப்படித்தான் ஒரு பெயரைக் கூப்பிட்டிருப்பான் என்று தோன்றியது. அதற்குமேல் நான் அதை நினைக்கவில்லை. வேலை இருந்தது.

திரும்பிக்கொண்டிருந்த வேறொரு வள்ளம் அந்தக் குரலைக் கேட்டு, போகிற பாதையைவிட்டு விலகிப் போய்த் தேடியிருக்கிறது. எஞ்சினில் தண்ணீர் ஏறி சிலுவையின் வள்ளம் அலையில் கிடந்ததாம். கயிறு கட்டி இழுத்தார்கள். பொழுது சாய்வதற்குள் இரண்டும் துறைக்குள் வந்துவிட்டன. வந்துட்டானுவ என்று அண்ணன் ஒரே வார்த்தைதான் சொன்னான். அதற்குப் பிறகும் இருவரும் போனை வைக்கவில்லை.

லாத்தா நாற்காலியிலேயே உட்கார்ந்து கையேந்தி துஆ செய்தார். நயினார் சார் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். போனை வைத்ததும் எனக்குப் பசித்தது. காலையிலிருந்து சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

நவம்பர் 28, வெள்ளி

சிலுவை அலுவலகத்துக்கு வந்தார். போனை என் மேசைமேல் வைத்து, அடைத்ததைத் திறந்துவிடுங்கள், என் மகள்தான் அடைத்துக் கொடுத்தாள், எனக்கு எடுக்கத் தெரியவில்லை என்றார். எடுத்துக் கொடுத்தேன். நன்றி என்றெல்லாம் சொல்லவில்லை. அந்தக் குரல் இன்னும் கொஞ்சம் நிறுத்தி நிதானமாகப் பேசினால் எஞ்சின் சத்தத்தில் புரியும் என்றார். மறுபடி பதிவு செய்கிறேன் என்றேன். அவர் போனதும் உடனே செய்துவிட்டேன். ஒரே தடவையில் வந்தது.

நவம்பர் 30, ஞாயிறு

கதவுக்குப் பின்னால் புது ஆணி அடித்து, சிமென்ட் பூசினேன். காயும்வரை மழைக்கோட்டை மடித்துக் கட்டில்மேல் வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 3, புதன்

எத்தனை தடவை கேட்க வேண்டும் என்பதை இனி ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்பக் கருவியே கணக்கிட்டுக்கொள்ளும். வடக்கே வேம்பார்ப் பக்கத்துக் கிராமங்களும் நம் மையத்தில் சேர விரும்புகின்றன என்று நயினார் சார் சொன்னார். அவர்கள் சங்கம் இங்கே இருக்கும் சங்கத்தைக் கேட்டதாம். அந்தப் பிள்ளை சொன்னால் நம்பலாம் என்று செயலாளர் சொன்னாராம். யாரைச் சொல்கிறார் என்று நயினார் சார் என்னிடமே கேட்கிறார். லாத்தா சிரித்துவிட்டார்.

டிசம்பர் 7, ஞாயிறு

பூசை முடிந்து வந்து உலை வைத்திருந்தேன். வாசலில் அண்ணன் நின்றான். எவ்வளவு நேரமாக நின்றானோ. உள்ளே வா என்றேன். நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தான். கதவுக்குப் பின்னால் தொங்கிய மழைக்கோட்டைப் பார்த்தான், பார்வையை எடுக்கவில்லை.

காப்பி கொடுத்தேன். மோட்டார் சரியாகிவிட்டது என்று சொன்னேன். மோட்டாரைப் போய்ப் பார்த்தான், வால்வு கசிகிறது என்றான். திரும்பி வந்து உட்கார்ந்தான். காப்பி ஆறிப்போயிற்று.

“நீ என்ட்ட ஒரு தடவைகூட கேக்கல, ஹில்டா. கேப்பியான்னு ரொம்ப நாள் இருந்தேன். அப்புறம், கேட்டுருவியோன்னு பயமா போச்சு.”

அடுப்பை அணைத்துவிட்டு அவனுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன்.

“இப்போ கேக்கேன். சொல்லு.”

சொன்னான். புறப்பட்டதிலிருந்து சொன்னான். அன்டன் என்ன பேசிக்கொண்டு வந்தான், காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது, வள்ளம் எப்படிச் சாய்ந்தது, கடைசியாக யார் கையை யார் பிடித்திருந்தார்கள், எல்லாம். எனக்குக் கேட்க இருந்ததையெல்லாம் கேட்டேன். தெரிந்ததற்குப் பதில் சொன்னான், தெரியாததைத் தெரியாது என்றான். அவன் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அது எங்கள் இரண்டு பேரோடும் இருக்கட்டும்.

சோறு குழைந்துவிட்டது. அதையே இருவரும் சாப்பிட்டோம். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, நாளைக்கு வள்ளம் வருகிறது, மீன் கொண்டுவந்து தரவா என்று கேட்டான். என்ன மீன் வேண்டும் என்றும் கேட்டான்.

ஊளி இருந்தால் கொண்டு வா, இரண்டு பேருக்குக் காணுகிற மாதிரி என்றேன்.